வருஷக்கணக்கில் கிடந்த ட்ரோன் பேட்டரிகள்: எது தேறியது, எது தேறவில்லை

வோல்ட் ஏறிவிட்டது என்பதற்காக ஒரு லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி பிழைத்துவிட்டது என்று சொல்லவே முடியாது. கொரோனாவில் கல்யாண ஆர்டர்கள் நின்றபோது எடுத்து வைத்த பேட்டரிகளைப் பல வருஷம் கழித்து எழுப்பி, கடலூர் வெயிலிலும் உப்புக்காற்றிலும் இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் எனக்கு உறுதியாகப் பட்டது இதுதான். இதே நிலையில் பேட்டரி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

புதிதாக வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். 2022 பிப்ரவரியில் முழு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்தது. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை என்றாலும், நிறுத்தப்பட்ட பழைய மாடல்களுக்கு ஒரிஜினல் பேட்டரி கிடைப்பது குதிரைக்கொம்பு. புதுசு என்று விற்பதும் எத்தனை வருஷம் கோடவுனில் கிடந்ததோ!

என்னிடம் இருந்தவை இரண்டு வகை. ஒன்று டிஜேஐ மேவிக் ப்ரோ ட்ரோனின் பேட்டரிகள்: 3 செல், 3830 எம்ஏஎச் (கொள்ளளவு), 11.4 வோல்ட். உள்ளேயே சர்க்யூட் உண்டு. பத்து நாள் சும்மா கிடந்தால் அதுவே சார்ஜை 65 சதவீதத்துக்குக் கீழே இறக்கிக்கொள்ளும், ரொம்பக் குறைந்தால் உறக்க நிலைக்குப் போய்விடும். இன்னொன்று, நானே பூட்டிய சின்ன ட்ரோனுக்கான 4 செல், 1500 எம்ஏஎச் லிப்போ பேக்குகள். இவற்றில் எந்தப் பாதுகாப்பு சர்க்யூட்டும் கிடையாது. மஞ்சள் எக்ஸ்டி60 கனெக்டரும், செல் செல்லாக அளக்க உதவும் வெள்ளை பேலன்ஸ் ஒயரும் மட்டும்தான்.

மேவிக் பேட்டரிகளில் பட்டனை அழுத்தினால் ஒரு விளக்கும் எரியவில்லை. அதன் சார்ஜரிலேயே மாட்டி வைத்ததும் உறக்கம் கலைந்து விளக்கு மின்ன ஆரம்பித்தது. இதில் நாம் செய்ய வேண்டியது அவ்வளவுதான். சார்ஜர் ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். உறையைப் பிளந்து செல்லுக்கு நேரடியாக கரண்ட் கொடுக்கும் வீடியோக்கள் நிறைய ஓடுகின்றன. உள்ளிருக்கும் சர்க்யூட் சார்ஜை மறுக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கும்.

லிப்போ பேக்குகள் கதை வேறு. எக்ஸ்டி60-இன் தங்க நிறப் பூச்சு மேல் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது, நம்ம ஊர் உப்புக்காற்றின் வேலை. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் மீட்டரை வைத்தேன். ஒரு பேக்கில் நான்கு செல்லும் 3.4 வோல்ட்டை ஒட்டி ஒரே அளவில் நின்றன. அடுத்ததில் மூன்று செல் 3 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க, நான்காவது மட்டும் 1.8. பேக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் அந்தச் செல் இருந்த பக்கம் லேசாக உப்பியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் நெயில்பாலிஷ் மாதிரி ஒரு தித்திப்பு வாடை. அந்த வாடை வந்தால் செல்லின் உறை எங்கோ விட்டிருக்கிறது, உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகிறது என்று அர்த்தம். அதைச் சார்ஜரில் மாட்டவே இல்லை.

ஏன் இத்தனை கறார் என்றால், லித்தியம் செல் ரொம்பக் கீழே இறங்கினால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து, இரண்டு முனைகளுக்கும் நடுவே பாலம் போட்டுவிடும். அது உள்ளுக்குள்ளேயே ஷார்ட். இன்று நன்றாக ஓடிய பேட்டரி நாளை சார்ஜில் இருக்கும்போது தீப்பிடிக்கலாம். லித்தியம் மோடில் சார்ஜர் மறுத்தால் நிக்கல் பேட்டரிக்கான மோடில் போட்டு வோல்ட்டைத் தூக்கு என்று ஒரு யோசனை சுற்றுகிறது. அந்த மோடுக்குச் செல் சமநிலையும் தெரியாது, லித்தியத்துக்கு எங்கே நிறுத்துவது என்றும் தெரியாது. தயவுசெய்து வேண்டாம்.

நான்கு செல்லும் 3 வோல்ட்டை ஒட்டி ஒரே அளவில் நின்ற மற்ற பேக்குகளுக்கு முதலில் 0.15 ஆம்பியர், அதாவது கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மட்டும் கொடுத்தேன். எல்லாச் செல்லும் 3.3-ஐத் தாண்டிய பிறகு எல்லாச் செல்லையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் பேலன்ஸ் மோடில் பாதி வேகம். மொட்டை மாடியில், பக்கத்தில் ஒரு மணல் வாளியோடு, விடியற்காலையில். மேவிக் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற 40 டிகிரிதான் உச்ச வரம்பு. அக்னி நட்சத்திரத்தில் நம்ம ஊர் மதியம் அதைத் தொட்டுவிடும்.

நிறைந்தபின் உடனே பறக்கவிடாமல் சில நாள் சும்மா வைத்து மறுபடி அளந்தேன். ஒரு செல் மட்டும் தானாக இறங்கிக்கொண்டே போனால் அந்தப் பேக்கும் ஒதுக்கு. மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் தம்பி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "அண்ணே, சும்மா இருக்கும்போது 4.2 காட்டுறது பெருசில்ல. லோடு குடுங்க, அப்பத் தெரியும்." அப்படியே ஆனது. தேறியது என்று நினைத்த ஒரு பேக், த்ராட்டிலைத் தூக்கியதும் செல்லுக்கு 3.2 வரை சரிந்தது. சார்ஜர் காட்டிய உள்தடையும் (கரண்டுக்குச் செல்லே போடும் தடை) மற்றதைவிடப் பல மடங்கு. அது இப்போது மேசையில் மோட்டார் சோதிக்க மட்டும்.

நாள்பட ஓட்டியதில் மேவிக் பேட்டரிகள்தான் ஜெயித்தன. கம்பெனிக் கணக்கு, காற்றில்லாமல் நின்றபடி 24 நிமிஷம். என்னுடையவை 15-ஐத் தாண்டியதும் நான் இறக்கிவிடுகிறேன், அதற்கு மேல் நம்பிக்கை இல்லை. முதலில் சதவீதத்தை நம்பினேன், இப்போது திரையில் செல் வோல்ட்டேஜ் மட்டுமே பார்க்கிறேன். பழைய பேட்டரியில் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.1 வோல்ட்டுக்கு மேல் சரிந்தால் உடனே இறக்க வேண்டும். சில்வர் பீச்சில் பிற்பகல் கடற்காற்றை எதிர்த்துப் போகும்போது இந்தச் சரிவு துல்லியமாகத் தெரியும். அதனால் கடல் மேலும், மண்டபத்துக் கூட்டத்தின் தலைக்கு மேலும் இவற்றைக் கொண்டுபோவதே இல்லை. தோட்டம், வயல், காலி மைதானம், அதுவும் தாழ்வாக.

லிப்போ பேக்குகளில் தேறியவை இப்போது உப்ப ஆரம்பித்திருக்கின்றன. இன்னொரு கோடையைத் தாண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. செலவழித்த நேரத்துக்கு மேவிக் பேட்டரி தகும், லிப்போவுக்குப் புதுசே வாங்கலாம் என்பது என் தீர்ப்பு.

வைக்கும் முறையும் மாறியது. செல்லுக்கு 3.8 வோல்ட், மாதம் ஒருமுறை மீட்டர், வெயில் படாத அறை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணை பொங்கியதைப் பார்த்தபின் பெட்டி தரையில் இல்லை, பரண் மேல்தான்.

ஒதுக்கியவற்றை ஒரு சின்ன பல்பை மாட்டிச் சார்ஜை முழுக்க வடித்தேன், வாடை வந்த பேக்கைத் தவிர. அதை வடிக்காமல் மணல் வாளியில் வைத்தேன். எல்லாவற்றின் கனெக்டர்களையும் இன்சுலேஷன் டேப்பால் மூடி, மின்கழிவு எடுக்கும் ஆளிடம் "உள்ளே லித்தியம் இருக்கு" என்று சொல்லிக் கொடுத்தேன். குப்பை வண்டியில் போட்டால், அதை அழுத்தும் இடத்தில் நிற்கும் தொழிலாளி மேல்தான் தீ பிடிக்கும்.