ஹாரி தோற்கும் இடங்களுக்காக

'ஹாரி பாட்டர் அண்ட் த மெதட்ஸ் ஆஃப் ரேஷனாலிட்டி' படிக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. 2010 பிப்ரவரியில் எலியேசர் யுட்கோவ்ஸ்கி தொடங்கி, 2015 மார்ச்சில் 122 அத்தியாயங்களோடு முடித்த தொடர் அது; ரௌலிங்கின் ஹாரி பாட்டர் கதையை வேறு மாதிரி திருப்பி எழுதிய ரசிகர் புனைவு. வந்த காலத்தில் காத்திருந்து படித்தேன், முடிந்தபின் மறுபடியும் முழுசாகப் படித்தேன். அறிவியல் படித்து வளர்ந்த ஹாரி மந்திரப் பள்ளிக்கு வருகிறான் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதனால் நேரே என் எரிச்சலுக்கு வருகிறேன்.

இந்த ஹாரியை எதிர்த்துப் பேச ஆளே இல்லை. அவன் வாயைத் திறந்தால் பெரியவர்கள் எல்லோரும் வாயடைத்துப் போகிறார்கள். 18ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். வகுப்பில் பேராசிரியர் ஸ்னேப் அவனை அவமானப்படுத்துகிறார். சரி, அவன் கோபம் நியாயம்தான். அப்புறம் நடப்பதைத்தான் தாங்க முடியவில்லை. பள்ளிக்கு வந்து சில நாட்களே ஆன பதினோரு வயதுப் பையன், பள்ளியை விட்டே போய்விடுவேன் என்று மிரட்டி நிபந்தனை போடுகிறான். தலைமையாசிரியர் டம்பிள்டோரும் துணைத் தலைமையாசிரியை மெக்கோனகலும் உட்கார்ந்து அவனோடு பேரம் பேசுகிறார்கள்! அவனை மட்டம் தட்டக்கூடிய நண்பனாக, மூலக்கதையில் அவனுடைய நெருங்கிய தோழனான ரான் இருந்திருக்கலாம். அவனையோ ரயில் நிலையத்திலேயே கழற்றிவிட்டாயிற்று.

தொடரின் ரசிகர்கள் இதற்குச் சொல்லும் சமாதானம் எனக்குத் தெரியும்: அவன் திமிர் வேண்டுமென்றே எழுதப்பட்டது, அடுத்த அத்தியாயத்திலேயே பேராசிரியர் க்விரல் அவனுக்குத் தோற்கக் கற்றுக்கொடுக்கிறார் என்பார்கள். உண்மைதான், அந்த 19ஆம் அத்தியாயம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பாடம் நிற்கவில்லையே. கொஞ்ச நாளில் ஹாரி மறுபடி பிரசங்கம் செய்ய வந்துவிடுகிறான்.

இத்தனைக்கும், நான் படித்த ரசிகர் புனைவுகளிலேயே மிகச் சிறந்த காட்சி இதே தொடரில்தான் இருக்கிறது. 17ஆம் அத்தியாயம். காலத்தில் பின்னோக்கிப் போகும் கருவி ஹாரியின் கையில் இருக்கிறது. 181429 என்ற எண்ணை எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் வரும் என்று அவனுக்குத் தெரியாது. எதிர்காலத்திலிருந்து தானே ஒரு தாளை அனுப்பிக்கொள்ள வேண்டும், அதில் இருக்கும் எண்கள் தவறென்றால் அடுத்த ஜோடியை எழுதி அனுப்ப வேண்டும் என்று திட்டம் போடுகிறான். வந்த தாளும் அனுப்பும் தாளும் ஒன்றாகத்தானே இருக்க முடியும்? அப்படியானால் முரணில்லாமல் நிற்கக்கூடிய ஒரே தாள் சரியான விடை உள்ள தாள்தான். கணிப்பு கச்சிதம். தாளும் வருகிறது. எண்கள் இல்லை. காலத்தோடு விளையாடாதே என்று மட்டும் இருக்கிறது, அவனுடைய கையெழுத்திலேயே, லேசாக நடுங்கி. அதைப் பார்த்து நடுங்கிப்போன ஹாரி அதே வரியை எழுதி அனுப்பிவிடுகிறான். யாரும் அவனுக்குப் புத்தி சொல்லவில்லை, உலகமே அவனை அறைந்துவிட்டது. எத்தனை முறை படித்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

113ஆம் அத்தியாயத்திலும் அதே தரம். சாவின் விளிம்பில் நிற்கும் ஹாரி தப்பிக்க ஒரு வழி சொல்லுங்கள், இல்லையென்றால் கதை சோகமாகச் சீக்கிரம் முடிந்துவிடும் என்று சொல்லி ஆசிரியர் வாசகர்களுக்கு 60 மணி நேரம் கொடுத்தார். ஊர் உலகமெல்லாம் உட்கார்ந்து யோசித்தது. வாசகர்களை அந்த அளவுக்கு மதித்த தொடர் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

ஹெர்மாய்னி விஷயத்தில் மட்டும் எனக்குச் சமாதானமே இல்லை. ஹாரிக்கு ஈடுகொடுக்கக்கூடிய ஒரே சம வயதுக்காரி அவள்தான். அவளை 89ஆம் அத்தியாயத்தில் கொன்றபோது, நாயகனை அழவைக்க ஒரு பெண்ணைப் பலிகொடுப்பதா என்று பலர் கொதித்தார்கள். நானும் கொதித்தேன். கடைசியில் அவள் உயிரோடு வருகிறாள், புதிய சக்திகளோடும் வருகிறாள். இருக்கட்டும். கதை உச்சத்துக்கு ஏறும் இடத்தில் அவள் பேச வேண்டிய அத்தனை பேச்சும் போனது போனதுதானே?

பத்து அத்தியாயம் படித்தும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள் என்று ஆசிரியரே முன்குறிப்பில் சொல்லியிருக்கிறார். நேர்மையான பேச்சு, ஆனால் அந்தக் கணக்கில் போனால் 17 கைக்கு வராது. 17க்கு வந்தால் பக்கத்திலேயே 18 உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்குக் கேட்டால், நண்பரே, வேண்டாம். 89ஐ நேற்று மறுபடி படித்தேன், ஆத்திரம் இன்னும் தீரவில்லை.