கொண்டலாம்பட்டி ரேடியேட்டர் பட்டறை: டேங்க் வேலைக்குப் போகலாம், பெயின்டுக்கு வேண்டாம்

சேலம் கொண்டலாம்பட்டி பைபாஸ் பக்கம், லாரிகளின் ரேடியேட்டரும் டீசல் டேங்கும் பார்க்கிற சின்னப் பட்டறை அது. பெயர்ப் பலகை கிடையாது. டீக்கடையில் ஈயப்பற்று வைப்பவர் என்று கேட்டால் கை காட்டுவார்கள்.

என் வண்டி 1967 அம்பாசிடர் மார்க் 2. சித்தப்பா ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்கு வாங்கியது. சமவெளியில் எவ்வளவு ஓட்டினாலும் தொல்லை தராது. மலைப்பாதையில் ஏறத் தொடங்கினால்தான் உள்ளே பெட்ரோல் நாற்றம் குமட்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள் எஞ்சின் திணறும். ஒரு மெக்கானிக் கார்புரேட்டரை மாற்றச் சொன்னார், இன்னொருவர் பம்ப்பை. இந்தப் பட்டறைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "டேங்க் நிறைய இருக்கும்போது நாற்றமா, குறைவாக இருக்கும்போதா அம்மா?"

நிறைய இருக்கும்போதுதான் என்றேன். உடனே வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். அம்பாசிடரின் 54 லிட்டர் டேங்க் டிக்கிக்குக் கீழே இருக்கிறது. ஏற்றத்தில் பெட்ரோல் பின்பக்கம் சாய்ந்து, மற்ற நேரத்தில் நனையாத மேல் விளிம்பைத் தொடுகிறது. கோளாறு அங்கேதான்.

டேங்கை இறக்கி, என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சுரண்ட ஆரம்பித்தார். மேலே கறுப்புத் தார்ப்பூச்சு. அடியில் ஃபைபர் துணி. அதற்கும் அடியில் கல்லாக இறுகிய எம்சீல். அதை உடைத்தால் நல்லெண்ணெய் டின்னில் வெட்டிய தகடு ஒன்று வந்தது. மஞ்சள் எழுத்து இன்னும் அழியவில்லை. டேங்கிலேயே துளை போட்டு அந்தத் தகட்டை நான்கு திருகாணிகளால் முடுக்கியிருந்தார்கள். வாஷருக்குப் பதில் சைக்கிள் டியூப் துண்டு; பெட்ரோலில் ஊறி உப்பிக் கொழகொழவென்று கிடந்தது. இவ்வளவுக்கும் மேலாக, பெட்ரோல் மீட்டரின் எர்த் ஒயரை அதே திருகாணி ஒன்றில் சுற்றி வைத்திருந்தார்கள். கசிகிற இடத்திலேயே மின்சாரம்! ஒரு ஓட்டையை அடைக்க நான்கு ஓட்டை போட்ட அந்த மகானுபாவர் யாரென்று சித்தப்பாவுக்குத்தான் வெளிச்சம்.

எஞ்சின் திணறியதற்கும் விடை உள்ளேயே இருந்தது. கசிவை அடைக்க எப்போதோ டேங்க்குக்குள் ஊற்றிய சீலர் பாலாடைபோல உரிந்து உறிஞ்சு குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. 2023 முதல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கிய 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய சீலரையும் ரப்பரையும் இளக்கிவிடும். பழைய வண்டிக்காரர்கள் இதைக் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேலேயே ஒரு வெல்டிங் வைத்து அனுப்பச் சொல்லி என் தம்பி அவசரப்படுத்தினான். பட்டறைக்காரர் அசையவில்லை. காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, காற்றில் 1.4 சதவீதம் பெட்ரோல் ஆவி கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். சலவைச் சோடா போட்ட வெந்நீரில் பலமுறை அலசி, நீராவி விட்டு, பற்று வைக்கும் இடம் மட்டும் வெளியே தெரிகிறபடி தண்ணீர் நிரப்பினார். அடுப்பு பட்டறைக்கு வெளியே இருந்தது. அங்கே காய்ச்சிய செம்புக்கோலால் புதுத் தகட்டை ஈயம் வைத்து ஒட்டினார். பிறகு வாய்களை அடைத்து, சைக்கிள் பம்ப்பால் கொஞ்சம் காற்றேற்றி, தொட்டியில் அமுக்கினார். ஒரு மூலையில் கடுகளவு குமிழி ஒன்று வந்தது. நானாக இருந்தால் விட்டிருப்பேன். அவர் திரும்பப் பிரித்து ஒட்டினார். அடித்தகடு மெலிந்திருந்தால் இந்த வேலையையே எடுத்திருக்க மாட்டேன், புது டேங்க்தான் என்றும் சொன்னார்.

கூலி 6,500 ரூபாய். உரிந்த சீலரை முழுக்க எடுத்ததும் அதில் அடக்கம் என்பதால் அதிகம் என்று சொல்ல மாட்டேன். இப்போது நிறைந்த டேங்கோடு மலை ஏறினாலும் நாற்றமில்லை, திணறலும் இல்லை.

குறைகள் உண்டு. சொன்ன தேதிக்கு வேலை முடியாது, போனை எடுக்க மாட்டார். டேங்குக்கு அடித்த பெயின்ட் இரண்டாம் மழைக்கே பொரிந்துவிட்டது. அதை வேறு இடத்தில் அடித்துக்கொள்வதே நல்லது. போகிறவர்கள் பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். ரொக்கம் மட்டும்தான் வாங்குகிறார்.