வயசைக் கேட்டதும் வாசலைக் காட்டாத மருத்துவமனை

5-க்கு 4 நட்சத்திரம். ஒன்றைக் குறைச்சதுக்குக் காரணம் கீழ்த்தளத்து மருந்தகம், அதை அப்புறம் சொல்றேன்.

அம்மாவுக்கு 74. மாதவிடாய் நின்னு எத்தனையோ வருஷம் கழிச்சு லேசா ரத்தக்கசிவு. சூடுன்னு வெந்தயம் ஊறவெச்சுக் குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. பயாப்ஸியில கர்ப்பப்பை உள்சுவர்ப் புற்றுநோய், அதுலயும் சீரஸ்ங்கிற மோசமான வகைன்னு வந்துச்சு. இந்தப் புற்றுநோய் வர்றவங்கள்ல சுமார் 10 சதவீதம் பேருக்குத்தான் சீரஸ் வகை. ஆனா சாவுக் கணக்குல அதோட பங்கு 40 சதவீதத்தை ஒட்டி இருக்கு. முதல்ல காட்டின இடத்துல ரிப்போர்ட்டை முழுசாக்கூடப் படிக்கலை. "இந்த வயசுல எதுக்கும்மா, வீட்ல வெச்சு நல்லா பாத்துக்கங்க."

இந்த மருத்துவமனையில, நடையில தெம்பு எப்படின்னு பாக்க நர்ஸ் கையில ஸ்டாப்வாட்ச். நாற்காலியில இருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரணும். "இதுக்கா ஃபீஸ் வாங்குறாங்க?"ன்னு அம்மா முணுமுணுத்தாங்க. அப்புறம் ஜி8-னு, வயசான புற்றுநோயாளிகளோட உடம்பு நிலையைக் கணிக்கிற எட்டுக் கேள்வி. வயசும் அதுல ஒரு கேள்விதான், 80-க்குக் கீழே இருந்தா முழு மார்க். இன்னொரு கேள்வி, உங்க வயசுக்காரங்களோட பாத்தா உங்க உடம்பு எப்படின்னு. "அவங்கள்ல பாதிப் பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க, நான் தேவலாம்"னாங்க. 17-க்கு 14. சாப்பாடும் எடையும் குறைஞ்சதுக்கும், தினமும் விழுங்குற மாத்திரைகளுக்கும் போனது மூணு மார்க். 14-ஓ அதுக்குக் கீழேயோ வந்தாலே விவரமா பாக்கணுமாம். அதனால டயட்டீஷியன், பிசியோ, கிட்னி டெஸ்ட் எல்லாம் முடிச்சுத்தான் ஆபரேஷன் தேதி குடுத்தாங்க.

டாக்டரம்மா எதையும் மறைக்கலை. வயசானவங்களுக்கு இந்த நோயில பலன் குறைவுதான்னாங்க. மோசமான வகை அதிகம் வர்றதே அந்த வயசுலதான், உடம்புத் தெம்பும் குறைவு. "ஆனா பல பேருக்கு நாங்களே வயசைப் பாத்து நெறிகட்டியை, அதாவது நிணநீர் முடிச்சுகளை, எடுக்காம விட்டுடறோம், கீமோவும் குடுக்கறதில்லை. அதையாவது நான் சரியா செய்யலாம் இல்லையா?"

கர்ப்பப்பை, சினைப்பைகள், குழாய்கள், நெறிகட்டிகள், இந்த வகை பரவக்கூடிய வயித்துக் கொழுப்புத்திரைன்னு எல்லாத்தையும் எடுத்தாங்க. அப்புறம் மூணு வாரத்துக்கு ஒருமுறை கார்போபிளாட்டின், பேக்ளிடேக்சல்னு ரெண்டு கீமோ மருந்து. கார்போபிளாட்டின் அளவைக் கிட்னி வேலை செய்றதை வெச்சுக் கணக்குப் போடறாங்க. நடுவுல அம்மா, "செருப்பு கழண்டதே தெரியலை"ன்னாங்க. பாதம் மரத்துப் போயிருந்துச்சு. பேக்ளிடேக்சலோட வேலை. மருந்தை நிறுத்தாம, அளவை மட்டும் குறைச்சாங்க.

குணமாயிடும்னு யாரும் சத்தியம் பண்ணலை. இப்போ செக்கப்புக்குப் போய்ட்டு வர்றோம்.

இப்போ மருந்தகம். டோக்கன் முறைன்னு போர்டு இருக்கு, கவுண்டர்ல முண்டியடிக்கிறவங்களுக்குத்தான் மருந்து. கீமோ மருந்து கைக்கு வராம ட்ரிப் ஏத்த மாட்டாங்க, நோயாளி மேலே காத்துக்கிட்டே இருக்கணும். கூட இன்னொருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. கூட வர்றவங்களுக்குப் பிளாஸ்டிக் ஸ்டூல்தான், அதுவும் ஆளுக்கு ஒண்ணு கிடைக்காது.