தானாக அணையும் சோலார் விளக்கு: எந்த டைமர் பொருந்தும்?

இருட்டியதும் எரியத் தொடங்கும் சோலார் விளக்கு, விடியும்வரையோ பேட்டரி வற்றும்வரையோ எரிந்துகொண்டே இருக்கும். மேகமூட்டமான நாளில் அரைகுறையாக ஏறிய சார்ஜ், ஆள் நடமாட்டமே இல்லாத பின்னிரவில் வீணாகிறது. ஒவ்வோர் இரவும் அடிமட்டம்வரை வடிவதால் பேட்டரியின் ஆயுளும் குறைகிறது. நான்கு மணி நேரத்தில் விளக்கு தானாக அணைந்தால் இரண்டும் காப்பாற்றப்படும். இதற்குத் தனிக் கடிகாரம் வேண்டியதில்லை. இரவு எப்போது தொடங்கியது என்பதைப் பேனலின் மின்னழுத்தமே சொல்லிவிடுவதால், அந்தக் கணத்திலிருந்து எண்ணத் தெரிந்த டைமர் போதும். தான் இயங்க அது எவ்வளவு மின்னோட்டம் எடுத்துக்கொள்கிறது, பல மணி நேரத்தைப் பிசகாமல் எண்ணுகிறதா என்ற இரண்டையும் வைத்தே தேர்வு செய்ய வேண்டும்.

ஆயத்தமாகக் கிடைக்கும் ரிலே (மின்காந்தச் சுவிட்ச்) டைமர் பலகை முதல் கேள்வியிலேயே தோற்றுவிடுகிறது. 5 வோல்ட் ரிலேயின் சுருள் மட்டுமே சுமார் 70 மில்லி ஆம்பியர் எடுப்பதால், நான்கு மணி நேரத்தில் 280 மில்லி ஆம்பியர்-மணி அதற்கே போய்விடும். ஒரு சிறு தோட்ட விளக்குக்கு இது கட்டுப்படியாகாது.

பலரும் அடுத்து நாடுவது, மின்தேக்கி நிரம்பும் நேரத்தை வைத்து அளக்கும் 555 என்ற டைமர் ஐசி. நானும் அதில்தான் தொடங்கினேன். 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியுடன் நான்கு மணி நேரம் வேண்டுமானால், 1.1 × மின்தடை × மின்தேக்கம் என்ற கணக்கின்படி சுமார் 13 மெகா ஓம் மின்தடை தேவைப்பட்டது. கணக்கு சரியாக இருந்தும், விடிகாலையில் எழுந்து பார்த்தபோது விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவ்வளவு பெரிய மின்தடை வழியாக மின்தேக்கிக்குள் போவது ஒரு மைக்ரோ ஆம்பியரில் சிறு பங்கே; எலக்ட்ரோலிடிக் மின்தேக்கியின் கசிவு அதைவிட அதிகமாக இருக்கலாம். அப்படியானால், நேரம் முடிந்ததாக 555 கொள்ளும் மூன்றில் இரண்டு பங்கு மின்னழுத்தத்தை மின்தேக்கி எட்டவே எட்டாது. சில நிமிடங்களுக்கு 555 நல்லது. மணிக்கணக்கான வேலைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்று நிக்கல் மின்கலங்களோ ஒரு லித்தியம் மின்கலமோ உள்ள விளக்குக்கு என் தேர்வு சிடி4060 என்ற எண்ணி ஐசி. அது பெரிய மின்தேக்கியை ஒரே முறை மெதுவாக நிரப்புவதில்லை. சிறிய மின்தேக்கியால் துடிப்புகளை உண்டாக்கி அவற்றை எண்ணுகிறது. ஐசியின் 3ஆம் காலிலுள்ள (பின்) கடைசி வெளியீடு 8192 துடிப்புகளுக்குப் பின் உயரும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு துடிப்பு 1.76 விநாடி நீடிக்க வேண்டும். 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் மின்தேக்கியும் ஏறத்தாழ 760 கிலோ ஓம் மின்தடையும் அதைத் தரும். 3ஆம் காலிலிருந்து 11ஆம் காலுக்கு ஒரு டையோடு வைத்தால் எண்ணிக்கை அங்கேயே நின்றுவிடும். வைக்காவிட்டால் அடுத்த நான்கு மணி நேரம் கழித்து விளக்கு மறுபடி எரியும். எல்இடியின் நேர்மின் கம்பியில் பி-சேனல் மாஸ்ஃபெட்டை (மின்னணுச் சுவிட்ச்) வைத்து 3ஆம் காலால் இயக்கலாம். விளக்கின் பழைய இருட்டு உணரி அப்படியே இருக்கட்டும், ஏனெனில் பகலில் எல்இடியை அணைத்து வைப்பது அதன் வேலை.

பேனலின் மின்னழுத்தத்தை 100 கிலோ ஓம் வழியாக 12ஆம் காலுக்குக் கொடுத்தால், பகல் முழுவதும் எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் நிற்கும், இருட்டியதும் தொடங்கும். அந்தக் காலிலிருந்து எதிர்மின் முனைக்கு 1 மெகா ஓமும் 47 மைக்ரோஃபாரட்டும் சேர்ப்பது அவசியம், இல்லையேல் வாகனத்தின் முகப்பு வெளிச்சம் ஒரு கணம் பேனலில் பட்டாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கக்கூடும். சோதிப்பதற்கு நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டாம். 7ஆம் காலின் வெளியீடு 14 விநாடிக்கு ஒருமுறை மாறினால் மொத்த நேரமும் சரியாக அமையும்.

அட்டைனி85 போன்ற மைக்ரோ கண்ட்ரோலர் (நிரல் எழுதி இயக்கும் சிறு கணினிச் சில்லு) இதைவிடத் திறமையானது. எட்டு விநாடிக்கு ஒருமுறை விழித்துப் பார்த்துவிட்டு மீண்டும் உறங்கும்படி நிரல் எழுதினால், அது எடுப்பது சில மைக்ரோ ஆம்பியர்தான். முந்தைய இரவின் நீளத்தை நினைவில் வைத்து, விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக விளக்கை மறுபடி ஏற்றவும் அதனால் முடியும். 4060ஆல் முடியாத வேலை அது. அதிகாலை வெளிச்சம் தேவைப்படுவோர் தயங்காமல் இதையே எடுக்கலாம். நிரல் ஏற்றும் கருவி இல்லாதவர் ஒரேயொரு விளக்குக்காக இத்தனை தூரம் போவது வீண் அலைச்சல்.

ஒற்றை 1.2 வோல்ட் மின்கலத்தில் ஓடும் சிறு விளக்குகளுக்கு மேற்சொன்ன எதுவும் நேரடியாகப் பொருந்தாது, ஏனெனில் 4060க்கே குறைந்தது 3 வோல்ட் வேண்டும். இவற்றுக்கு டைமரை விட எளிய வழி உண்டு. உள்ளே நான்கு கால் ஐசியின் அருகில், பச்சை நிற மின்தடைபோல் தோன்றும் பொருள் பெரும்பாலும் ஒரு காயில் (கம்பிச்சுருள்). அது 100 மைக்ரோஹென்றியாக இருந்தால் 220ஆக மாற்றிப் பாருங்கள்: எல்இடியின் மின்னோட்டம் ஏறத்தாழப் பாதியாகும், வெளிச்சம் சற்று மங்கும், அதே சார்ஜ் இரு மடங்கு நேரம் தாங்கும்.