நிலாவெளிக் கடல்நீர் நிலையத்துக்குப் பொருள் வழங்கும் கொழும்பு நிறுவனம்: ஒரு மதிப்பீடு

திருகோணமலைக்கு அருகே நிலாவெளியில் விடுதியொன்றின் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தை நான் பராமரித்து வருகிறேன். மெம்பிரேன் (கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் மென்படலம்), வடிகட்டி, இரசாயனம், பம்பி உதிரிப்பாகம் அனைத்தையும் எமக்கு வழங்கும் கொழும்பு நிறுவனத்தைப் பற்றி, இதே தொழிலில் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன்.

விலை சற்று அதிகம். ஆயினும் 2022 இல் டொலர் தட்டுப்பாட்டால் நாணயக் கடிதம் (இறக்குமதிக்கு வங்கி தரும் கட்டண உத்தரவாதம்) திறக்க முடியாமல் இறக்குமதிகள் முடங்கியபோது, களஞ்சியத்தில் சரக்கு வைத்திருப்பவருக்கும் ஓடர் கிடைத்த பின்னரே வெளிநாட்டுக்கு எழுதுபவருக்கும் உள்ள வேறுபாடு எமக்கு நன்றாகவே விளங்கியது. எமது முன்னைய விநியோகஸ்தர் இரண்டாம் வகை. முற்பணத்தை வாங்கியவர் பிறகு தொலைபேசியைக்கூட எடுக்கவில்லை.

லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புள்ள நீரை 55 முதல் 70 பார் வரையான அழுத்தத்தில் தாங்கவேண்டிய மெம்பிரேன், வெப்பத்தில் கிடந்து உலர்ந்துவிட்டால் பயனற்றுப் போகும். இவர்கள் அனுப்பியதைப் பிரித்தபோது பை கிழியாமல், பாதுகாப்புத் திரவத்தின் ஈரம் மாறாமல் இருந்தது. மெம்பிரேன் சுற்றப்பட்ட உருளையில் ஒட்டியிருந்த தொடர் இலக்கமே தொழிற்சாலைப் பரிசோதனை அறிக்கையிலும் இருந்தது. உருளைகளின் அளவுகள் பெரும்பாலும் பொதுவானவை என்பதால், ஒரு தயாரிப்பு தாமதமானால் எமது நீர்ப் பரிசோதனை முடிவுகளைக் கொண்டு கணக்கிட்டு, பொருத்தமான வேறொரு தயாரிப்பைத் தாமாகவே பரிந்துரைக்கிறார்கள். டுபொன்டு நிறுவனத் தயாரிப்புக்குப் பதில் டோரே நிறுவனத் தயாரிப்பு என்பது அவர்களுக்குச் சாதாரணம். உயர் அழுத்தப் பம்பியின் சீல்களுக்கு அத்தகைய மாற்று எளிதில் கிடைக்காது. ஆகவே ஒரு தொகுதியை எம்மிடமே வைத்திருக்கும்படி முதலிலேயே சொன்னார்கள். விற்பவர் இவ்வளவு முன்யோசனையுடன் பேசுவது அரிது.

வடகீழ்ப் பருவமழையில் கடல் கலங்கி 5 மைக்ரோன் வடிகட்டிகள் விரைவாக அடைபடும் என்பதையும் அறிந்து, மழைக்கு முன்பே அவற்றை அனுப்பிவிடுகிறார்கள்.

குறையும் உண்டு. நீரில் எஞ்சும் குளோரின் மெம்பிரேனை அரித்துவிடாமல் காக்கும் சோடியம் மெற்றாபைசல்பைற்று, உற்பத்தித் திகதி இல்லாத பையில் வந்தது. ஈரக்காற்றில் வீரியம் இழக்கும் பொருள் அது. திகதியின்றி அதை ஏற்கக்கூடாது. கேட்டதும் மாற்றித் தந்தார்கள்.

பம்பி பழுதானால் தொழில்நுட்பவியலாளர் கொழும்பிலிருந்து ஹபரணை வழியாக வந்துசேர ஒரு நாள் போய்விடுகிறது. திருகோணமலையிலேயே ஒருவரைப் பயிற்றி நிறுத்துமாறு எழுத்தில் கேட்டிருக்கிறேன். அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அதையே முதல் நிபந்தனையாக வைப்பேன்.