பூவாரா, பழவேற்காடா?

மணல்திட்டுக்குப் பின்னால் அலையில்லாத தண்ணீரில் படகில் போக வேண்டும் என்றால், கேரள எல்லையில் பூவார், ஆந்திர எல்லையில் பழவேற்காடு. எனக்குப் பழவேற்காடுதான்.

பூவாரில் நெய்யாற்றுக் கால்வாய்களின் நிழலிலேயே போய், ஆற்றுக்கும் அரபிக்கடலுக்கும் நடுவிலுள்ள மணல்மேட்டைப் பார்க்கலாம், குழந்தைகளுக்குப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் முடிந்துவிடும்.

பழவேற்காடு வேறு ரகம். ஸ்ரீஹரிகோட்டா தீவு வங்கக்கடலை மறித்து நிற்க, உள்ளே கண்ணுக்கு எட்டியவரை ஏரி. பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான் என்பதால் படகுக்காரர் இன்ஜினை நிறுத்திக் கழியால் தள்ளுவார், அப்போது சத்தமே இல்லாமல் பூநாரைகள் அலகைத் தலைகீழாகச் சேற்றில் விட்டு மேய்வதைப் பார்க்கலாம். டிசம்பர், ஜனவரியில் காலையிலேயே போங்கள், நிழல் கிடையாது. அப்புறம், 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். சவாரிக்கு அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள், லைஃப் ஜாக்கெட் தராத படகில் ஏறவே ஏறாதீர்கள்.