குயிலாப்பாளையம் நாட்டுச்செடி நர்சரி: ஈஸ்வரமூலி தேடி அலையறவங்களுக்கு

ரெண்டு வருஷமா தேடின கொடி கெடச்சிருச்சு, அதான் எழுதறேன். ஆரோவில் போற வழியில குயிலாப்பாளையம் தாண்டி செம்மண் ரோட்ல கொஞ்ச தூரம் உள்ள போகணும், போர்டு கெடையாது, மூங்கில் கேட்டும் பச்ச நெட்டும்தான் அடையாளம். பேர் போட வேணாம்னு அவங்களே கேட்டுக்கிட்டாங்க, நாட்டுச்செடி நர்சரின்னு யார கேட்டாலும் காட்டுவாங்க. என் மார்க் 5க்கு நாலரை.

மொதல்ல ஏன் அவ்ளோ தூரம் போனேன்னு சொல்லிடறேன். நாங்க கடலூர் புதுப்பாளையம். வீட்டாண்ட சிவப்புடல் அழகி வந்து போகும், அதான் க்ரிம்சன் ரோஸ் பட்டாம்பூச்சி, கறுப்பு றெக்கையில ரெண்டு வெள்ளப் பட்டை, கீழ் றெக்கையில ரத்தச் சிவப்பு பொட்டு, உடம்பே சிவப்பு. இந்தியாவும் இலங்கையும் அதுக்கு சொந்த ஊரு. அதோட புழு ஈஸ்வரமூலி, ஆடுதின்னாப்பாளை மாதிரி ஒரே குடும்பத்து செடிங்களத்தான் திங்கும், வேற எத குடுத்தாலும் பட்டினிதான். சரின்னு இங்கயே ஒரு கடையில கேட்டேன், கருடக்கொடி (ஈஸ்வரமூலிக்கு இன்னொரு பேரு) இதாம்மான்னு 150 ரூபாய்க்கு ஒன்னு குடுத்தாங்க. நாலு மாசம் தண்ணி ஊத்தி வளத்தேன், உள்ளங்கை அகலத்துக்கு பூ பூத்துச்சு, வெள்ளையில கருஞ்சிவப்பு கோலம் போட்டாப்ல, அப்பதான் தெரிஞ்சுது இது தென்னமெரிக்காவுலருந்து வந்த அழகுக்கொடி, நம்மூரு ஈஸ்வரமூலியே இல்ல. இதுல ஒரு ஆபத்து இருக்கு. ஆஸ்திரேலியால ரிச்மண்ட் பேர்ட்விங்னு பெரிய காட்டு பட்டாம்பூச்சி ஒன்னு, நம்ம சிவப்புடல் அழகிக்கு சொந்தக்காரி, அது ஏமாந்து இந்தக் கொடியில முட்ட வெக்குது, பொரிஞ்ச புழு எலய தின்னு செத்துப் போகுது, அங்க இத தேடித் தேடி புடுங்கறாங்க. எங்க வீட்லயும் ஒரு சிவப்புடல் அழகி வந்து அந்த எலய முன்னங்காலால தட்டித் தட்டி பாத்துக்கினு இருந்துச்சு, எனக்கு நெஞ்சு பதறிடுச்சு, அன்னிக்கு சாயங்காலமே வேரோட எடுத்துட்டேன்.

இந்த நர்சரில போய் ஈஸ்வரமூலின்னு சொன்னதுமே அங்க இருந்த அண்ணன் கேட்ட மொத கேள்வி, "எதுக்கும்மா, பாம்புக்கா பூச்சிக்கா?" எனக்கு அங்கயே புடிச்சு போச்சு. இந்தக் கொடி இருந்தா பாம்பு வராதுன்னு நம்ம பக்கம் வெப்பாங்க இல்லையா, கூடவே எலய அரச்சு குடிக்கறவங்களும் இருக்காங்க. அதுல இருக்கற அரிஸ்டோலோக்கிக் ஆசிட் கிட்னிய கெடுக்கும், கேன்சர் வரவெக்கும், குடிக்கக் கேட்டா குடுக்க மாட்டேன்னு சொன்னாரு. புழுவுக்கு மட்டும் அதே விஷம் கவசம், உடம்புல சேத்து வெச்சுக்கும், றெக்க மொளச்சப்புறமும் போகாது, ஒரு தடவ கொத்தின குருவி மறுபடி கிட்ட வராது.

செடி 80 ரூபா. பைய கையில குடுக்காம மொதல்ல எலயத் திருப்பி காட்டினாரு, நீட்டு எல, நடுவுல இடுப்பு வெச்சாப்ல சின்ன ஒடுக்கம், அடியில ஆரஞ்சும் சிவப்புமா கடுகு போல ஒரே ஒரு முட்ட ஒட்டிக்கினு இருந்துச்சு! அவங்க மருந்தே அடிக்கறதில்ல, அதுக்கு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும். முன்ன ஒரு தடவ வேற எடத்துல கறிவேப்பில கன்னு வாங்கி வெச்சு, அதுல வந்த பச்சப் புழு ஏழும் ரெண்டே நாள்ல சுருண்டு விழுந்ததுலருந்து எனக்கு இது ரொம்ப முக்கியம்.

அந்தப் பச்சப் புழு கறிவேப்பிலை அழகின்னு இன்னொரு பட்டாம்பூச்சியோடது, காமன் மார்மன். அதுல பொண்ணு சிலது அச்சு அசல் சிவப்புடல் அழகி மாதிரியே வேஷம் கட்டும், விஷம் கெடையாது, பாத்து பயந்து குருவி விட்டுடும். இத்தன வேஷத்தையும் டபுள்செக்ஸ்னு ஒரே ஒரு ஜீன்தான் மாத்துதுன்னு 2014ல கண்டுபுடிச்சாங்க. ரெண்டையும் பிரிச்சு சொல்றது எப்படின்னு நர்சரி அண்ணன்தான் சொல்லிக் குடுத்தாரு, றெக்கய பாக்காத, உடம்ப பாரு, சிவப்பா இருந்தா அசல், கறுப்பா இருந்தா வேஷம்.

கொறன்னு பாத்தா, மத்தியானம் ஒன்னுலருந்து மூணு மூடிடுவாங்க, டவர் இல்லாததால ஜிபே ஆகாது, கையில காசு எடுத்துட்டு போங்க. டெலிவரியும் இல்ல, நான் வண்டியில முன்னாடி வெச்சு கடலூர் வரைக்கும் கொண்டாந்தேன், ஈரச் சாக்கு சுத்திக் குடுத்ததால வாடல.

நட்டு ரெண்டு மாசத்துல புழு வந்து மொத்த எலயும் தின்னுடுச்சு, வெறும் தண்டுதான் மிச்சம். கருஞ்சிவப்பு உடம்பு, முதுகு பூரா முள்ளு மாதிரி சிவப்பு சதை, விரல் கிட்ட கொண்டு போனா தலைக்குப் பின்னால ஆரஞ்சு கலர்ல ரெண்டு கொம்பு நீட்டும், ஒரு மாதிரி நாத்தம். மாமியார் கொடி போச்சேன்னாங்க, நானும் பயந்து நர்சரி அண்ணனுக்கு ஃபோன் போட்டேன், வேர தொடாத, தண்ணி மட்டும் ஊத்துன்னாரு. மூணு வாரத்துல அடியிலருந்து புதுத் துளிர். கூடு ஒன்னு தொவைக்கிற கல்லுக்குப் பின்னால இருந்துச்சு, ஒரு நாள் காலையில காப்பி போடறப்ப பாத்தா அது வெளிய வந்து கசங்கின துணி மாதிரி தொங்குது, றெக்க விரிய ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, நான் ஆஃபீசுக்கு லேட்டு, பரவால்ல.

அடுத்த மாசம் மறுபடி போறேன், குலப்பண்ணையும் காட்டு எலுமிச்சையும் சொல்லி வெச்சிருக்கேன், அது ரெண்டும் நீல அழகி பட்டாம்பூச்சியோட புழுவுக்கு, ப்ளூ மார்மன். மழைக்கு முன்னாடி போனா கன்னு நெறைய இருக்குமாம். ஞாயித்துக்கெழம லீவு.